போத்தலில் வராது மண்ணின் புரதம்

கேள்வி: முள்ளியவளையில் ஒன்றரை ஏக்கர் மேட்டுக்காணியில் கச்சான் செய்கிறேன். வரவர விளைச்சல் குறைகிறது. பசளை விற்க வந்த ஒருவர் மண்ணில் காகிதப் பட்டியைத் தோய்த்துப் பார்த்து, புரதமே இல்லை, புரதத் திரவம் தெளிக்க வேண்டும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள்.

மண்ணில் புரதம் இருப்பது உண்மைதான். குழை, வேர், எரு, பங்கசு எல்லாம் உக்கும்போது அவற்றின் புரதம் மண்ணோடு ஒட்டி நிற்கும். நுண்ணுயிர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துப் பயிருக்கு நைதரசன் கொடுக்கும். அதை அளக்க, மண்ணைச் சித்திரேற்றுக் கரைசலில் போட்டு, அழுத்தக் கலத்தில் 121 பாகை வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்துச் சாறெடுக்க வேண்டும். வரப்பில் நின்று பட்டி தோய்த்துச் சொல்கிற காரியமில்லை.

கணக்கைப் பாருங்கள். ஓர் ஏக்கரின் மேல் அரை அடி மண் கிட்டத்தட்ட 9 இலட்சம் கிலோ. கிராமுக்கு 2 மில்லிகிராம் புரதம் என்று வைத்தாலும் 1,800 கிலோ வருகிறது. ஒரு லீற்றர் போத்தலில் பத்து வீதம் புரதம் இருந்தால் 100 கிராம். அதிலுள்ள நைதரசன் வெறும் 16 கிராம். ஒரு கிலோ யூரியாவில் 460 கிராம் இருக்கிறது. லேபலில் நைதரசன் வீதம் போடாதவரிடம், பில் தராதவரிடம் எதுவும் வாங்க வேண்டாம்.

அவரையினப் பயிர் மண்ணை வளர்க்கும் என்பார்கள். வேரும் இலையும் காணியிலேயே நின்றால் சரி. கச்சானும் அவரையினம்தான், ஆனால் அதை நாங்கள் வேரோடு பிடுங்குகிறோம். காயை ஆய்ந்துவிட்டுக் கொடியை மாட்டுக்குக் கொடுக்கிறோம், அல்லது கொளுத்துகிறோம். வேரும் இலையும் காணியை விட்டுப் போனால் மண்ணுக்கு என்ன மிஞ்சும்? கொடியை மாடு தின்றால் பரவாயில்லை, அந்த எரு திரும்பி வர வேண்டும். கோடையில் காணியில் மாட்டுப்பட்டி அடைக்க இடம் கொடுங்கள். வேலிச் சீமைக்கிளுவையை வெட்டி மண்ணில் தாட்டுவிடுங்கள். மாரி முடிய ஈரம் நிற்கும்போது சணல் விதைத்து, பூக்கத் தொடங்கியதும் மடக்கி உழுங்கள். ஒரு போகத்தில் மாற்றம் தெரியாது, தொடர்ந்து செய்ய வேண்டும். கச்சான் பொக்காக வந்தால் கல்சியக் குறையாகவும் இருக்கலாம். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்ல ஆள் வராததால்தான் போத்தல்காரர் வருகிறார். ஒரு விவசாயப் போதனாசிரியர் எத்தனை கிராமத்தைத்தான் பார்ப்பார்? 2021 இல் அரசாங்கம் இரசாயனப் பசளையைத் திடீரென்று தடை செய்து, நவம்பரில் அந்தத் தடையைத் திருப்பி எடுத்தது. இடையில் விவசாயிக்கு எரு கிடைத்ததா, பயிற்சி கிடைத்ததா? கண்ட கண்ட திரவத்தையும் விற்கிறவர்களுக்குத்தான் வழி திறந்தது.

வழமையான மண் பரிசோதனையில் புரதம் வராது; சேதனப் பொருள் வீதத்தைக் கேளுங்கள், உங்களுக்கு அது போதும். பத்து இடத்தில் அரை அடி ஆழத்துக்கு மண்ணெடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொடுங்கள். எருக் குவித்த இடத்திலும் கொடி எரித்த இடத்திலும் எடுக்க வேண்டாம். காலபோகத்துக்கென்றால் ஆடியிலேயே கொடுங்கள், பிந்தினால் விதைத்த பிறகுதான் பெறுபேறு கைக்கு வரும்.