நகையை அடகு வைத்து வாங்கிய வெள்ளி ரூபாய்கள்

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் மனைவியின் நகையை அடகு வைத்து, 3 லட்சம் ரூபாய்க்கு 60 பழைய வெள்ளி ரூபாய்கள் வாங்கினேன். ஏற்பாடு செய்தது என் சகலை. 1911 காசு நான்கு, 1939 காசு ஒன்று, 1940 முதல் 1945 வரையிலானவை 21, மற்றவை அதற்கு முந்தையவை. மாதம் ஒரு சதவீத வட்டியைக் கட்டி நகையை மறு அடகு வைத்து வருகிறேன். இப்போது மும்பையில் ஒருவர் 12 லட்சம் தருகிறாராம். பதிவுக் கட்டணமாக 40,000 முன்பணம் கேட்கிறார்கள். இன்னொரு சங்கிலியை வைக்கலாமா? காசுகளைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருக்கிறேன். (வாசகர், கும்பகோணம்)

பதில்: வைக்காதீர்கள். வாங்குகிறவர்தான் பணம் தருவார். விற்கிறவர் எதற்குக் கட்டணம் கட்ட வேண்டும்? பழைய காசு வாங்குவதாகச் சொல்லி, ரிசர்வ் வங்கியின் பெயரையே போட்டுக் கமிஷன், வரி கேட்கும் கும்பல்களைப் பற்றி அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. சகலையும் ஏமாந்தவராக இருக்கலாம், சண்டை வேண்டாம்.

எனக்குப் பெரிய கவலை அந்த 40,000 அல்ல, மறு அடகுப் பழக்கம். மாதம் 3,000, இரண்டு வருடத்தில் 72,000 போய்விட்டது. காசுகளின் அடக்க விலை இப்போது 3,72,000. அவற்றில் என்ன இருக்கிறது? 1938 வரையிலான ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி, அதாவது சுமார் 10.7 கிராம். 1940 முதல் வெள்ளி பாதிதான், 5.8 கிராம். கிராம் 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முந்தைய 38 காசுக்கு 81,000, பிந்தைய 21க்கு 24,500. மொத்தம் ஒரு லட்சத்துச் சொச்சம். கடைக்காரர் அதிலும் கழிப்பார்.

'அபூர்வக் காசுக்கு வெள்ளி விலையா' என்று சகலை கேட்பார். 1911 காசில் அரசரின் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரி தெரிந்ததால் எதிர்ப்பு கிளம்பி, அடுத்த வருடமே மாற்றினார்கள். கதை நல்ல கதைதான். ஆனால் அந்தக் காசு வியாபாரிகளிடம் இன்றும் கிடைக்கிறது. சேகரிப்பவர்கள் கொடுக்கும் கூடுதல் விலை தரத்துக்குத்தான்: தலைமுடி, காது, கிரீடம் போன்ற மேடான இடங்கள் தேயாமல் இருக்க வேண்டும், பழமையின் நிறம் கலையாமல் இருக்க வேண்டும். அந்த நிறத்தைத்தான் நீங்கள் புளி போட்டுக் கரைத்துவிட்டீர்கள். இனிமேலாவது தொடாதீர்கள்.

1939 மட்டும் தனி. உண்மையிலேயே அபூர்வம், அதனாலேயே போலியும் ஏராளம். 1938இன் கடைசி எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கியும் விற்கிறார்கள். நல்ல தராசில் எடை பாருங்கள், லென்ஸில் அந்த எண்ணைப் பாருங்கள். அப்புறம், சென்னையில் நாணயக் கண்காட்சி நடக்கும்போது ஒன்றுக்கு இரண்டு வியாபாரிகளிடம் காட்டுங்கள். முதலில் விலை கேட்காதீர்கள், அசலா என்று மட்டும் கேளுங்கள்.

மற்ற 59 காசையும் இந்த மாதமே விற்று, வரும் பணத்தை அசலில் கட்டுங்கள். வட்டி 2,000 அளவுக்கு இறங்கும். மீதியை அடைக்க, மனைவி சம்மதித்தால், அடகு நகையில் ஒன்றை விற்பதே மலிவு. வெள்ளி இன்னும் ஏறும் என்று காத்திருந்தால் வருடம் 36,000 உங்கள் கையைவிட்டுப் போகும்.

மும்பைக்காரருக்கு ஒரே பதில் போதும்: 'கட்டணத்தை 12 லட்சத்தில் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்.' மறுபடி போன் வராது.