குழம்பில் உப்பு, ராத்திரி அழுகை

கேள்வி: என் மனைவிக்கு ‘பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர்’ (உணர்ச்சிகள், உறவுகள், தன்னைப் பற்றிய எண்ணம் எல்லாம் நிலையில்லாமல் ஆடும் மனநோய்) இருந்தது. நான்கு வருடமாகத் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதில்லை. நோய் விலகிவிட்டது என்கிறார் டாக்டர். ஆனால் போன வாரம் குழம்பில் உப்பு அதிகம் என்று சொன்னதற்கு, ‘நான் எதற்குமே லாயக்கில்லை’ என்று ராத்திரி முழுக்க அழுதாள். நிஜமாகவே குணமாகிவிட்டதா?
– பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: டாக்டர் சொன்னது சரிதான். நீங்கள்தான் அதைத் தப்பாகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த நோய்க்கு ஒன்பது அறிகுறிகள் வகுத்திருக்கிறார்கள். குறைந்தது ஐந்து இருந்தால்தான் அந்தப் பெயர். ஐந்து மூன்றாகிவிட்டால் பெயர் போய்விடும். மிச்ச மூன்று எங்கே போகும்?

அமெரிக்காவில் பாஸ்டன் அருகே மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஜனரினி குழுவினர், உள்நோயாளிகளாக இருந்த 290 பேரை 1992 முதல் வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பத்து வருடத்துக்குள் 93 சதவீதம் பேருக்கு நோய் குறைந்தது இரண்டு வருடமாவது விலகியிருந்தது. ஆனால் வேலை, உறவு எல்லாம் சேர்ந்து வாழ்க்கை நிமிர்ந்தவர்கள் பாதிப் பேர்தான். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது சீக்கிரம் அடங்குகிறது. கோபம், வெறுமை, விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் எல்லாம் லேசில் கிளம்புவதில்லை.

தன்மதிப்புக் குறைவும் அந்த ரகம்தான். ‘நான் மோசமானவள்’ என்றே பல வருடம் நம்பிய மனசுக்கு, ‘உப்பு அதிகம்’ என்பது குழம்பைப் பற்றிய பேச்சாகக் காதில் விழாது. அழுதார், சரி. மறுநாள் காலையில் என்ன செய்தார்? எழுந்து காபி போட்டாரா, வேலைக்குப் போனாரா? அதை நீங்கள் எழுதவே இல்லை. முன்பெல்லாம் இதே அழுகை எங்கே போய் முடிந்தது என்று உங்களுக்குத் தெரியும். இந்த முறை தலையணையோடு முடிந்திருக்கிறது. டாக்டர் குணம் என்று சொல்வது இந்த வித்தியாசத்தைத்தான்.

அழுகை நாள்கணக்கில் நீண்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ உடனே டாக்டரிடம் போங்கள். சிலருக்கு நோய் திரும்பி வருவதும் உண்டு. அதற்காக அவர் முகம் சுருங்கும்போதெல்லாம் ‘மாத்திரை போட்டியா?’ என்று கேட்காதீர்கள். (கேட்பீர்கள் என்று ஏனோ தோன்றுகிறது.) உப்பு அதிகமென்றால் தாராளமாகச் சொல்லுங்கள். பயந்துகொண்டு விழுங்கினால் அவரை இன்னும் நோயாளியாகவே வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அப்புறம், அந்த ராத்திரி முழுக்க நீங்கள் எங்கே இருந்தீர்கள்? கடிதத்தில் அதையும் காணோம்.