சிறிய தோட்டப்புற ஊரில் இருப்பவர் குடியை விட உதவும் கூட்டத்தை எப்படித் தேடிப் போவது?

மலேசியாவின் சிலாங்கூரில், இப்போது பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் இருக்கிறோம், குடியை விட வேண்டும் என்று தம்பியே சொல்கிறான், ஆனால் அருகில் கூட்டம் எதுவும் இல்லை, போனாலும் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று தயங்குகிறான் என எழுதியிருக்கிறீர்கள், சகோதரி. நானும் அதே வட்டாரத்துச் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன். பதினெட்டு ஆண்டுகள் குடித்தேன். விட்டு ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

கூட்டத்தைத் தேடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். காலையில் தம்பியின் கை நடுங்கி, ஒரு வாய் குடித்த பிறகுதான் அடங்குகிறது என்றால், அவர் வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்து இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து, பெற்ற தாயையே அடையாளம் தெரியாத நிலைக்குப் போய், உயிருக்கும் ஆபத்தாகலாம். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பதிந்துகொண்டு, நாளுக்கு எவ்வளவு குடிக்கிறார் என்பதைக் குறைக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சத்தால் நானும் இரண்டு ஆண்டுகளை வீணாக்கினேன். யோசித்துப் பார்த்தால், தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் என் குடி யாருக்குத் தெரியாமல் இருந்தது? சம்பளத்தன்று இரவு சாக்கடையோரம் கிடந்த என்னைத் தூக்கிவந்து திண்ணையில் கிடத்தியவர்களும், சம்சு என்ற மலிவுச் சாராயம் வாங்க ஐந்து வெள்ளி கடன் கொடுத்தவர்களும், என் மகள் அழுவதைச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டவர்களும் அந்த ஊர்க்காரர்கள்தாம். அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது, நான் விட விரும்புகிறேன் என்பது மட்டுமே. தம்பியிடம் இதை நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

நான் போனது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ எனப்படும் கூட்டத்துக்கு. குடியை விட வேண்டும் என்ற விருப்பத்தைத் தவிர அங்கே வேறு தகுதி கேட்பதில்லை. கட்டணம் இல்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை, அங்கே பேசியதை வெளியே பேசுவதில்லை. மலேசிய ஏஏவின் இணையத்தளத்தில் கூட்டங்களின் பட்டியல் கிடைக்கும், ஆனால் அதை மட்டும் நம்பிப் புறப்படாமல் முன்கூட்டியே அழைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒருமுறை மழையில் மோட்டாரில் கோலாலம்பூர் வரை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினேன். அப்படித் திரும்புகிற வழியில் ஒரு கடை திறந்திருந்தால் போதும், எல்லாம் போய்விடும்.

சரியான கூட்டத்தைக் கண்டுபிடித்துப் போன முதல் நாள், அது தேவாலயத்தின் பின்னறையில் நடந்தது. மதம் மாற்றிவிடுவார்கள் என்று அம்மா பயந்தார். அறை மட்டுமே தேவாலயத்துடையது. கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், நான் எங்கள் தோட்டத்து முனீஸ்வரரையே வைத்துக்கொண்டேன். பேச்சு பெரும்பாலும் ஆங்கிலம். எனக்கு வந்தது தமிழும் மலாயும் கலந்த பேச்சு, அதையும் பொறுமையாகக் கேட்டார்கள். வயதான ஒருவர் தேநீர் ஊற்றித் தந்தபோது கோப்பையைப் பாதிதான் நிரப்பினார். என் கை நடுக்கத்தைப் பார்த்திருக்கிறார், வாய் திறந்து எதுவும் சொல்லவில்லை. அந்த அரைக் கோப்பையை இரு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டே, அடுத்த வாரமும் வர வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு முன் நான் விட முயலவில்லை என்று நினைக்காதீர்கள். தைப்பூசத்துக்காக 48 நாள் விரதம் இருந்து ஒரு சொட்டும் தொடாமல் பத்துமலையில் காவடி எடுத்திருக்கிறேன். நேர்த்திக்கடன் தீர்ந்த மறுநாளே போத்தலைத் திறந்திருக்கிறேன். விரதத்துக்கு முடியும் நாள் ஒன்று இருந்தது, அந்த நாளை எண்ணிக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். கூட்டத்தில் வாழ்நாள் முழுவதற்கும் சத்தியம் கேட்கவில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இரு, நாளை மறுபடி வா என்றார்கள். என்னைப் போன்ற சத்தியம் மீறியவனுக்கு அது தாங்கக்கூடிய அளவாக இருந்தது.

தொலைவு இடைஞ்சலாக இருந்தால் தமிழ்நாட்டுக் குழுக்கள் இணையவழியில் தமிழிலேயே நடத்தும் கூட்டங்களில் சேரலாம். அங்கே இரவு ஏழு மணி என்றால் நமக்கு ஒன்பதரை. காமிராவை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாலும் போதும். ஆயினும் ஒரே ஊரில் இன்னொருவர் இருப்பதன் பலம் வேறு. 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இருவர் பேசிக்கொண்டதில்தான் ஏஏ தொடங்கியது. நாங்களும் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு வீட்டு முன்வாசலில் இரண்டு பேராகத்தான் உட்கார்ந்தோம், அதுவும் சம்பள இரவில். மாதம் ஏழாம் தேதிக்குள் கையில் பணம் வரும் அந்த இரவை, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கடந்தோம். இப்போது ஆறு பேர் வருகிறோம்.

குடும்பத்தாருக்கென 1951 முதல் அல்-அனான் என்ற தனிக் குழு இருக்கிறது. தம்பி வந்தாலும் வராவிட்டாலும் நீங்கள் அதில் சேரலாம். தம்பியை முதன்முறை தனியே அனுப்பாதீர்கள். அழைத்துக் கேட்கும்போதே அது திறந்த கூட்டமா என்றும் கேட்டுவிடுங்கள். திறந்த கூட்டமானால் நீங்களும் உள்ளே அவர் பக்கத்தில் உட்காரலாம், இல்லையென்றால் வெளியே ஒட்டுக்கடையில் ஒரு மணி நேரம் காத்திருந்து, அவர் வந்ததும் எதுவும் கேட்காமல் வீட்டுக்கு அழைத்துப் போங்கள்.