டிப்ஸ் குறைந்தால் மீதியை முதலாளிதான் தரணும்

ஹூஸ்டன் உணவகத்தில் மணிக்கு 2.13 டாலர் சம்பளம், போன வாரம் 30 மணி நேரத்துக்கு டிப்ஸ் வெறும் 90 டாலர், "கூட்டம் வரலைன்னா நான் என்ன செய்ய" என்கிறார் முதலாளி என்று எழுதியிருந்தீங்க. அவர் சொல்வது தப்புங்க. சம்பளமும் டிப்ஸும் சேர்ந்து, சட்டப்படி குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலராவது வரணும். கணக்கு வாரத்துக்கு வாரம். உங்களுக்கு வரவேண்டியது 217.50, வந்தது 153.90. மீதி 63.60 டாலர் அவர் பொறுப்பு.

வேலை செய்த நேரத்தையும் டிப்ஸையும் தினமும் குறிச்சு வைங்க. மேனேஜர் டிப்ஸில் பங்கு கேட்டால் அதுவும் சட்டவிரோதம். தரலைன்னா தொழிலாளர் துறையின் ஊதியப் பிரிவில் புகார் கொடுங்க. இரண்டு வருஷத்துப் பாக்கி வரை கேட்கலாம்.

டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சமாக மத்தியச் சட்டம் வைத்திருக்கும் அந்த 2.13 டாலர் 1991-லிருந்து மாறவே இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். கலிஃபோர்னியா, வாஷிங்டன், மினசோட்டாவில் எல்லாம் முழுக் குறைந்தபட்சக் கூலி, டிப்ஸ் அதுக்கு மேல்.