கேளுங்க சொல்றேன்: ட்ரங்குப் பெட்டியும் ட்ரம்ப் பெட்டியும்

நகரி வாசகர்: அண்ணா, ட்ரம்ப் வீட்டுல எஃப்பிஐ போலீஸ் பூந்து பெட்டி பெட்டியா பேப்பர் தூக்கிட்டுப் போனாங்களே, அவர் முதல் தடவை ஜனாதிபதியா இருந்தப்ப அவர் டேபிளுக்கு வந்த பேப்பர் தானே, அது அவருக்கு சொந்தம் இல்லையா? எங்க தறிக் கொட்டாய்ல இதை வச்சு சண்டையே நடக்குது, ஒரு முடிவு சொல்லுங்க.

சொந்தமா இருந்த காலம் ஒண்ணு இருந்துச்சு தம்பி. நிக்சன் காலம் வரைக்கும் அமெரிக்கால ஜனாதிபதி பேப்பர்னா அவரு வீட்டு சொத்து மாதிரி தான், பதவி முடிஞ்சா மூட்டை கட்டிட்டுப் போயிடலாம். வாட்டர்கேட் ஒட்டுக்கேப்பு ஊழல்ல அவரு மாட்டின பிறகு தான் ஆபீஸ்ல அவரு ரெக்கார்ட் பண்ணி வச்ச டேப்பெல்லாம் அழிச்சிட்டா என்ன பண்றதுன்னு பயந்து 1974ல அவருக்குன்னே ஒரு சட்டம் போட்டாங்க, அப்புறம் 1978ல பொதுவா ஒரு சட்டம் வந்துச்சு, அது ரீகன் காலத்துலேருந்து அமல். அதன்படி பதவி முடியிற நிமிஷமே பேப்பர் எல்லாம் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போயிடணும்.

"பூந்து"ன்னு எழுதிருக்கீங்க பாருங்க, அதுல தான் எனக்கு சண்டை. 2021 ஜனவரில ட்ரம்ப் இறங்குறார், அந்த வருஷம் மே மாசமே காப்பகத்துக்காரங்க இன்னும் வர வேண்டியது இருக்கே சார்னு கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. கேட்டு கேட்டு 2022 ஜனவரில 15 பெட்டி வந்துச்சு, தொறந்து பாத்தா பேப்பர் கட்டிங், போட்டோ இதுங்களுக்கு நடுவுல ரகசியம்னு முத்திரை போட்டது 197. அதுக்கு அப்புறம் தான் விஷயம் போலீஸ் பக்கம் போச்சு, மே மாசம் கோர்ட்டு சம்மன், ஜூன் 3ல ட்ரம்ப் தரப்புல இன்னும் 38 குடுத்துட்டு நல்லா தேடிட்டோம், இவ்ளோ தான்னு வக்கீல் கையெழுத்து போட்ட பேப்பரும் குடுக்கறாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே பெட்டிங்களை ஸ்டோர் ரூம்லேருந்து வேற இடத்துக்கு நகத்திட்டாங்கன்றது அரசுத் தரப்பு வாதம். ஆகஸ்ட் 8ல மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து போட்ட வாரண்டோட போய் தேடினா இன்னும் 102. ஒண்ணே கால் வருஷம் கேட்டுப் பாத்துட்டு கதவைத் தட்டினதுக்குப் பேரு பூந்ததா?

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இது ஒண்ணும் புதுசு இல்ல. 1984 ஜனவரில ஆந்திரா முதல்வரா இருந்த என்டிஆர், ஊர்க் கணக்கு எழுதற கர்ணம், கிராம முன்சீப் போஸ்ட்டை எல்லாம் ஒழிச்சார் ஞாபகம் இருக்கா, அதுவரைக்கும் எங்க ஊருக்கு ஆபீஸே கர்ணம் வீட்டுத் திண்ணை தான், அடங்கல், எஃப்எம்பின்ற நில அளவுப் படம், ஊர் நிலக் கணக்கு மொத்தமும் அவர் வீட்டு ட்ரங்குப் பெட்டிக்குள்ள. புதுசா வந்த ஆளுங்க கணக்கை ஒப்படைங்கன்னு கேட்டப்ப ஒரு கட்டு குடுத்தார், மறு மாசம் வந்தாங்க இன்னொரு கட்டு குடுத்தார், இன்னும் இருக்கா சாமின்னு கேட்டா ஒண்ணும் இல்லப்பான்றார், பின்னால திண்ணைல அவங்க வீட்டம்மா அந்த ட்ரங்கு மேலயே முறம் வச்சு வடாம் காய வச்சிருக்காங்க. நாங்க பசங்க எல்லாம் பாத்துட்டு தான் நின்னோம். அவரு திருடர் இல்ல, அவங்கப்பா எழுதினது, தாத்தா எழுதினது, விட மனசு வரல, அவ்ளோ தான். ஆனா அந்தக் கணக்கு இல்லாம ஊர்ல பாகப் பிரிவினை ரெண்டு வருஷம் நின்னு போச்சே, அதை யாரு கிட்ட போய் கேக்கறது? கையெழுத்து அவரோடது தான், நிலம் ஊரோடது.

சித்தூர் வாசகி: அப்படியே பைடன் வீட்டு கராஜ்ல இருந்ததைப் பத்தியும் சொல்லுங்க சார். அவருக்கு ஒரு நியாயம் இவருக்கு ஒரு நியாயமா?

கேக்க வேண்டிய கேள்வி தான்மா. 2022 நவம்பர்ல பைடனோட பழைய ஆபீஸ்ல, அவர் துணை ஜனாதிபதியா இருந்த காலத்து ரகசிய பேப்பர் கிடைச்சுது, அப்புறம் வீட்டுலயும். ட்ரம்ப்புக்கு துணை ஜனாதிபதியா இருந்த மைக் பென்ஸ் வீட்டுலயும் ஒரு டஜன் சுமாருக்கு கிடைச்சுது. ஆனா ரெண்டு பேரு விஷயத்துலயும் அவங்க ஆளுங்களே போன் பண்ணி சொன்னாங்க, வந்து தேடிக்கோங்கன்னு கதவைத் தொறந்து விட்டாங்க. பைடனை விசாரிச்ச ராபர்ட் ஹர் 2024 பிப்ரவரில ரிப்போர்ட் குடுத்தார், அதுல பைடன் தெரிஞ்சே வச்சிருந்தார்ன்றதுக்கு ஆதாரம் இருக்குன்னும் சொல்றார், கேஸ் போட்டா நிக்காதுன்னும் சொல்றார், ஜூரி முன்னாடி ஞாபக மறதி உள்ள நல்ல வயசானவரா தான் தெரிவார்னு எழுதினார் பாருங்க, அது தான் அரசியல்ல அவருக்கு பெரிய அடி. ட்ரம்ப் விஷயத்துல வித்தியாசம், கேட்டும் குடுக்காம மறைச்சார்ன்ற குற்றச்சாட்டுன்னு அதே ரிப்போர்ட்ல ஹர் தான் சொல்றார். அதுக்காக பைடன் பண்ணது சரின்னு நான் சொல்ல மாட்டேன், கராஜ்ல கார் பக்கத்துல வச்சுக்கற பேப்பரா அது?

குப்பம் வாசகர்: கடைசில ட்ரம்ப்புக்கு தண்டனை உண்டா இல்லையா?

இல்ல. 2023 ஜூன்ல 37 குற்றச்சாட்டு, ஜூலைல அது 40 ஆச்சு, நான் குற்றவாளி இல்லன்னு அவர் சொன்னார். 2024 ஜூலை 15ல ஜட்ஜ் அய்லின் கேனன் கேஸையே தள்ளுபடி பண்ணிட்டாங்க. காரணம் பேப்பர் பத்தி இல்லீங்க, கேஸை நடத்தின ஜாக் ஸ்மித்தை நியமிச்ச முறையே செல்லாதுன்னாங்க. அப்பீல் போட்டாங்க, நவம்பர்ல ட்ரம்ப்பே திரும்ப ஜெயிச்சிட்டார், பதவில இருக்கற ஜனாதிபதி மேல கேஸ் நடத்தறதில்லன்றது அங்க வழக்கம், வாபஸ். பாத்ரூம்ல சாண்ட்லியர் லைட்டுக்குக் கீழ பெட்டி அடுக்கின போட்டோவை உலகமே பாத்துச்சு, ஆனா கோர்ட்டுல ஜூரி விசாரணைன்னு ஒண்ணு நடக்கவே இல்ல, அதனால குத்தம்னும் தீர்ப்பு கிடையாது, நிரபராதின்னும் கிடையாது.

மதனப்பள்ளி வாசகர்: நம்ம நாட்டுல தலைவருங்க ஃபைலை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா கேக்க சட்டம் இருக்கா?

இருக்கு. 1923 ஆபீஷியல் சீக்ரெட்ஸ் ஆக்ட்ல, வச்சுக்க உரிமை இல்லாத ரகசிய ஃபைலை வச்சிருந்தாலே குத்தம். 1993ல பொது ஆவணச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க, முறை இல்லாம அரசு ஆவணத்தை அழிச்சா 5 வருஷம் வரை ஜெயில், இல்லன்னா 10,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். ஆனா அது மத்திய அரசு, யூனியன் பிரதேசம் இதுங்களுக்கு தான், நம்ம மண்டல ஆபீஸ் ஃபைலை அந்தச் சட்டம் தொடாது.

நீங்க கேட்டது தலைவருங்களை, ஆனா உங்க ஊர்லேருந்து கேட்டதுக்கு எனக்கு வேற ஒண்ணு தான் ஞாபகம் வருது. 2024 ஜூலை 21, ஞாயித்துக்கிழமை ராத்திரி, உங்க சப் கலெக்டர் ஆபீஸ்ல தீ, நில ஃபைலுங்க சாம்பல். அப்ப தான் ஆட்சி மாறி ஒரு மாசம் சொச்சம் ஆகுது. விபத்து மாதிரி தெரியலைன்னு டிஜிபியே நேர்ல வந்து பாத்துட்டு சொன்னார், சிஐடி விசாரணை போட்டாங்க, முந்தின ஆட்சிக்காரங்க பேரு அடிபட்டுச்சு, அவங்க இல்லன்னாங்க. யாரு வச்சாங்கன்றதை கோர்ட்டு சொல்லட்டும். பெட்டிக்குள்ள ஒளிச்சு வச்சதையாச்சும் வாரண்டோட போய் எடுத்துடலாம், சாம்பலுக்கு எந்த வாரண்டு?

சத்தியவேடு வாசகர்: எங்க தாத்தா நிலப் பத்திரம் தமிழ்ல இருக்கு, இங்க ஆபீஸ்ல காட்டினா தமிழ்நாட்டுக்குப் போன்றாங்க, அங்க போனா ஆந்திராவுக்குப் போன்றாங்க. என்ன பண்றது?

1960 ஏப்ரல் 1ல திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனப்ப உங்க ஊரு ஆந்திரா பக்கம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி நீங்க செங்கல்பட்டு ஜில்லா. அதனால பத்திரத்துல தேதியைப் பாருங்க, எந்த சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் முத்திரைன்னு பாருங்க, அந்த ஆபீஸ் இன்னைக்கு எந்தப் பக்கம் இருக்கோ அங்க நகல் கேட்டு மனு எழுதிக் குடுங்க. வாயால கேக்காதீங்க, எழுதிக் குடுத்து ரசீது வாங்குங்க. ஒரிஜினலை மட்டும் எவன் கேட்டாலும் குடுத்துட்டு வராதீங்க, ஜெராக்ஸ் போதும்.