வியாசர்பாடித் தம்பிக்கு: அடிபட்டால் அன்றைக்கே சொல்

தம்பி, வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறாய் என்று பார்த்ததும் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான் கொடுங்கையூர்க்காரன். பக்கத்துப் பிள்ளை என்ற உரிமையில் 'நீ' என்றே எழுதுகிறேன்.

அடுத்த மாதம் சிங்கப்பூருக்குக் கம்பி கட்டும் வேலைக்கு வருவதாகச் சொல்கிறாய். ஏஜென்டுக்கு வட்டிக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறாய். மாதம் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம், சாப்பாடு எப்படி, எந்த சிம் கார்டு நல்லது, பாதுகாப்பு ஷூவைப் பாரிமுனையிலேயே மலிவாக வாங்கி வரலாமா என்று கேட்டிருக்கிறாய். சாப்பாடும் சிம் கார்டும் வந்த இரண்டே நாளில் தெரிந்துவிடும். மிச்சம் பிடிப்பது உன் கையில் இருக்கிறது. ஷூவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். 2003-இல் நானும் பாரிமுனையில் ஷூ வாங்கிக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

வாங்காதே. ஷூ, ஹெல்மெட், கையுறை, உயரத்தில் ஏறினால் போட வேண்டிய பெல்ட் எல்லாமே முதலாளி கொடுக்க வேண்டியவை. அவற்றுக்காக உன் சம்பளத்தில் ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலரை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பிடிக்கக் கூடாது என்பது சட்டம். நான் கொண்டுவந்த ஷூ பார்க்கப் பளபளப்பாக இருந்தது. முனையில் இரும்புத் தகடும் இல்லை, அடியில் ஆணி தாங்கும் தகடும் இல்லை. பத்தாம் நாள் பலகையில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி அடியைத் துளைத்துக் காலில் ஏறியது. துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தேன். வெளியே சொன்னால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அம்மாவின் வளையல் அடகுக் கடையில் இருந்தது, வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

கடனோடு வருபவன் வாய் திறக்க மாட்டான், ஓய்வும் எடுக்க மாட்டான். கூடுதல் நேர வேலைக்கு முதல் ஆளாகக் கை தூக்குவான். பதினான்காவது மணி நேரத்தில் கண் செருகும்போதுதான் கை தவறும். சிங்கப்பூர் ஏஜென்ட் உன்னிடம் வாங்கக்கூடியது ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம். எத்தனை ஆண்டு ஒப்பந்தமானாலும் மொத்தம் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. நம் ஊரில் இடையில் நிற்பவர்கள் அதற்கு மேல் வாங்குகிறார்கள். அவர்களில் பலர் நம்மோடு இங்கே மண் சுமந்துவிட்டுப் போனவர்கள் என்பதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வேலை அனுமதிக்கான ஒப்புதல் கடிதம் தமிழிலும் உனக்கு வர வேண்டும். அதில் அடிப்படைச் சம்பளமும் பிடித்தங்களும் இருக்கும். படித்துப் பார்த்து, போனில் படம் எடுத்து வீட்டாருக்கும் அனுப்பி வை.

இனி என் விரலின் கதை. வந்து ஐந்தாவது மாதம். கிரேன் இறக்கிய கம்பிக்கட்டு தரையில் அமரும் முன்பே அதன் கீழே கட்டை வைக்கப் போனேன். கட்டு ஒரு சாண் உருண்டது. இடது கை மோதிர விரல் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. கையுறை கிழியவே இல்லை. கழற்றிப் பார்த்தால் நகம் உள்ளேயே கிடந்தது. சூப்பர்வைசர் தனியார் கிளினிக்குக்கு அழைத்துப்போனார். 'தங்குமிடத்தில் குளியலறைக் கதவு சாத்தி நசுங்கியது என்று சொல், வேலையில் அடிபட்டதாகச் சொன்னால் உன் பர்மிட் போய்விடும்' என்று லாரியிலேயே சொல்லிக்கொடுத்தார். அவரும் தமிழர். நான் அப்படியே சொன்னேன், கையெழுத்தும் போட்டேன். மூன்று மாதம் கழித்து விரல் மடங்கவில்லை. கேட்கப் போனபோது என் கையெழுத்தையே எடுத்துக் காட்டினார்கள்.

நீ அந்த வார்த்தைக்கு மடங்காதே. வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் யார் தவறு என்ற கேள்வியே கிடையாது. நீயே கவனம் தவறியிருந்தாலும், வேலையால் வந்த காயமென்றால் இழப்பீடு உண்டு. உடலுழைப்பு வேலை செய்யும் எல்லோருக்கும் முதலாளி காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். மருத்துவ விடுப்புக்கு முதல் 14 நாள் முழுச் சம்பளம், மருத்துவமனையில் படுத்தால் 60 நாள் வரை. விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். அடிபட்ட நிமிடமே கூட இருப்பவரிடம் சொல், இடத்தைப் படம் எடு, மருத்துவரிடம் நடந்ததை நடந்தபடி சொல். ஒரு நாள் விடுப்பு கொடுத்தாலும் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் நீயே அமைச்சுக்குப் போகலாம். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதே.

நான் வந்த மறு ஆண்டு, 2004 ஏப்ரல் 20, பிற்பகல் மூன்றரை மணி. இங்கே சிங்கப்பூரில் நிக்கல் நெடுஞ்சாலை ஓரத்தில் வட்ட ரயில் பாதைக்காகத் தோண்டிய பள்ளம் சரிந்து, சாலையே உள்ளே போனது. நான்கு பேர் இறந்தார்கள். தன் ஆட்களை மேலே ஏற்றிவிட்ட ஒரு மேற்பார்வையாளரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. அன்று காலையிலிருந்தே இரும்பு முட்டுகளில் சத்தம் கேட்டதாம், வளைவும் தெரிந்ததாம். அந்தச் செய்தியைக் கேட்ட இரவு எங்கள் அறையில் இருந்த பன்னிரண்டு பேரில் ஒருவரும் தூங்கவில்லை. 2006-இல் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. ஆபத்தை முன்கூட்டியே கணக்கிட்டு எழுதிய பிறகுதான் வேலை தொடங்க வேண்டும் என்ற நடைமுறை வேரூன்றியதை என் கண்ணால் பார்த்தேன். நம் மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் போனார்களே, அவர்களில் பலரும் பிழைக்க ஊர்விட்டு வந்த உன்னையும் என்னையும் போன்றவர்கள்தான்.

இங்கே காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங் நடக்கும், வேலை தொடங்கும் முன் பாதுகாப்பைப் பற்றிப் பேசும் சிறு கூட்டம். பழைய ஆட்கள் சிலர் பின்வரிசையில் நின்று போன் பார்ப்பார்கள். 'பெல்ட் கொக்கியை மாட்டி மாட்டிக் கழற்றினால் வேலை எப்போது முடியும்' என்று புதியவர்களுக்குப் பாடம் எடுப்பார்கள். பத்து வருடம் விழாமல் இருந்ததைத் திறமை என்று நினைக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதே. பெல்ட்டில் இரண்டு கொக்கி இருப்பது ஒன்றைக் கழற்றும் முன் மற்றதை மாட்டத்தான். மாட்டுவதும் சாரத்தின் குறுக்குக் குழாயில் அல்ல, அதற்கென்று இழுத்துக் கட்டிய கம்பிக்கயிற்றில்.

சென்னை வெயிலில் வளர்ந்தவன், எனக்கென்ன என்றும் நினைக்காதே. இங்கே வியர்வை காயாது. முதல் வாரம் உடம்பு பழகும்வரை மெதுவாகத்தான் வேலை கொடுக்க வேண்டும். 2023-இலிருந்து, ஈரப்பதத்தையும் சேர்த்து அளக்கும் வெப்ப அளவு 32 டிகிரியைத் தொட்டால் கடும் வேலைக்கு மணிக்குப் பத்து நிமிடமாவது நிழலில் ஓய்வு உண்டு. கேட்டு வாங்கு. தலை சுற்றினால் உடனே சொல்.

நான் இரவு வகுப்பில் ஆங்கிலம் படித்து, பாதுகாப்பு மேற்பார்வையாளர் பயிற்சியும் முடித்து, இப்போது அந்த வேலையில் இருக்கிறேன். வருகிற ஒவ்வொரு புதுப் பையனின் ஷூவையும் கையில் வாங்கி, முனையை அழுத்திப் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவேன்.

குளியலறைக் கதவுக் கதையை அம்மாவிடமும் போனில் சொல்லியிருந்தேன். இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போனேன். சாதம் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தவர், என் இடது கையை இழுத்து அந்த விரலை மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. 'கதவு இப்படியாடா நசுக்கும்?' என்று கேட்டார். தட்டில் கை வைத்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த விரலை நீவிக்கொண்டே இருந்தார்.

வந்து இறங்கியதும் தகவல் போடு. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், நம் ஆட்கள் கூடும் லிட்டில் இந்தியா பகுதியில், இருப்பேன்.