ட்ரிப்ஸ் அலாரம் புராஜெக்ட்: குறிக்கோளில் என்ன எழுதுவது?

கேள்வி: நாங்கள் நான்கு பேர், பயோமெடிக்கல் இன்ஜினியரிங் இறுதியாண்டு. சலைன் பாட்டில் தீரும் முன் நர்ஸுக்குத் தெரிவிக்கும் கருவி எங்கள் புராஜெக்ட். ‘ஏ.ஐ., ஐ.ஓ.டி. மூலம் நோயாளிகளின் பாதுகாப்பை மேம்படுத்துவது’ என்று குறிக்கோள் எழுதினோம். இது குறிக்கோளே இல்லை என்று ரிவியூவில் திருப்பிவிட்டார்கள். பேட்டன்ட்டையும் (காப்புரிமை) குறிக்கோளில் சேர்க்கச் சொல்கிறார் கைடு. 15,000 ரூபாய் கொடுத்தால் பேட்டன்ட்டை முடித்துத் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: ரிவியூவில் சொன்னது சரிதான். ‘பாதுகாப்பை மேம்படுத்துவது’ நடந்ததா இல்லையா என்று கடைசி நாளில் யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தால்தான் அது குறிக்கோள்.

பாட்டில் தீர்ந்தால் டியூபில் ரத்தம் ஏறி உறைந்து ஊசி அடைத்துக்கொள்ளும். மறுபடியும் குத்த வேண்டும். நம் ஊர் வார்டுகளில் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் நோயாளியின் கூட இருப்பவர்தான். ராத்திரி அவர் கண்ணயர்ந்துவிட்டால் பார்க்க ஆளில்லை. உங்கள் கருவிக்கு வேலை அந்த நேரத்தில்தான்.

பெரும்பாலான குழுக்கள் ‘50 மி.லி. மிச்சம் இருக்கும்போது அலாரம்’ என்று எழுதுகிறார்கள். சாதாரண ட்ரிப் செட்டில் 20 சொட்டு ஒரு மி.லி. நிமிடத்துக்கு 60 சொட்டு ஓடினால் அந்த 50 மி.லி. 17 நிமிடத்துக்குள் தீரும். 20 சொட்டு ஓடினால் 50 நிமிடம் ஆகும். 50 நிமிடம் முன்னால் அடிக்கும் அலாரத்தை சிஸ்டர் அணைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார், அப்புறம் மறந்துபோவார். அவருக்கு வேண்டியது மி.லி. கணக்கு அல்ல, நிமிடக் கணக்கு. அதனால் இப்படி எழுதுங்கள்: ‘நிமிடத்துக்கு 20 முதல் 60 சொட்டு வரை ஓடும் பாட்டில் தீர 10 நிமிடம் இருக்கும்போது சிஸ்டர் மேசையில் ஒலி வர வேண்டும். லேபில் 50 தடவை ஓட்டினால் ஒன்றுகூடத் தவறக் கூடாது. பொய் அலாரம் இரண்டுக்கு மேல் கூடாது.’ நோயாளி புரண்டு படுத்தாலே பாட்டில் ஆடும், எடை காட்டும் சென்சார் தடுமாறும். பொய் அலாரத்துக்கு எல்லை வைப்பது அதற்காகத்தான். இதில் ஏ.ஐ.க்கு வேலையே இல்லை, எடுத்துவிடுங்கள். அந்த வார்த்தை இருந்தால் மதிப்பெண் கூடுகிறது என்று எனக்கும் தெரியும். வார்டுக்குள் கால் வைக்கும் முன்பே மாணவர்களிடம் தலைப்பு கேட்கும் முறை இருக்கும்வரை அது மாறாது. எனக்கு அதில் கடும் கோபம் உண்டு.

2007இல் ஸ்டான்ஃபோர்ட் மாணவர் குழு ஒன்றுக்குக் கொடுத்த வேலை, விலை மலிவான இன்குபேட்டர். குழுவில் ஒருவர் நேபாளம் போய்ப் பார்த்தபோது மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குறைமாதக் குழந்தைகள் பிறந்ததெல்லாம் கிராமத்து வீடுகளில். மின்சாரம் இல்லாத வீட்டில் குழந்தையைச் சூடாக வைத்திருப்பது எப்படி என்று குறிக்கோளை மாற்றினார்கள். மெழுகுப் பை வைத்த எம்ப்ரேஸ் வார்மர் அப்படி வந்ததுதான்.

சரி, ஏஜென்ட். தயவுசெய்து ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இவர்கள் ‘முடித்துத் தருவது’ பெரும்பாலும் பேட்டன்ட் அல்ல, ‘பப்ளிஷ்’ ஆன விண்ணப்பம். எந்த விண்ணப்பமும் 18 மாதத்தில் தானாகவே வெளியாகும். படிவம் 9 கொடுத்துக் கட்டணம் கட்டினால் சீக்கிரமே வெளியாகும். புதுமை இருக்கிறதா என்று அதுவரை யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். அதற்குப் படிவம் 18 தனியாகக் கொடுக்க வேண்டும். இன்னும் சிலர் டிசைன் பதிவை வாங்கி ‘டிசைன் பேட்டன்ட்’ என்று கையில் கொடுப்பார்கள். அது பெட்டியின் தோற்றத்துக்கு மட்டும்தான், கருவி வேலை செய்யும் விதத்துக்கு அல்ல. பேட்டன்ட் எண்ணிக்கை காட்ட வேண்டிய அவசரத்தில் கல்லூரிகளே இதற்குக் கதவைத் திறந்துவிடுகின்றன, பணம் போவது மாணவர்களின் பெற்றோரிடமிருந்து. கிட், ரிப்போர்ட், குறிக்கோள் எல்லாம் சேர்த்து விற்கும் புராஜெக்ட் சென்டர்களும் இதே வகைதான். அங்கே வாங்கிய குறிக்கோளை ரிவியூவில் உங்களால் விளக்க முடியாது.

உண்மையிலேயே புதிதாக ஒன்று கிடைத்தால், விண்ணப்பிக்கும் வரை வெளியே காட்டாதீர்கள். காட்டினால் புதுமை போய்விடும். இதற்கு ஒரு விலக்கு உண்டு, பலர் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு 12 மாத அவகாசம் தருகிறது. ஆனால் எல்லாக் கண்காட்சிக்கும் அது பொருந்தாது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியாக இருக்க வேண்டும். உங்கள் கல்லூரி டெக் ஃபெஸ்ட் அதில் வராது. பக்கத்துக் கல்லூரியில் பரிசு வாங்கியதும் வராது. அறிஞர் சங்கம் ஒன்றின் முன் கண்டுபிடித்தவரே படித்த கட்டுரைக்கு அவகாசம் உண்டு. யூடியூபில் போட்ட வீடியோவுக்குக் கிடையாது. 12 மாதமும் கண்காட்சி தொடங்கிய அல்லது கட்டுரை படித்த நாளிலிருந்து ஓடும், பரிசு வாங்கிய நாளிலிருந்து அல்ல.

நோயாளியிடம் மாட்டிச் சோதிப்பதைக் குறிக்கோளில் எழுத வேண்டாம். நெறிமுறைக் குழு அனுமதி கிடைப்பதற்குள் உங்கள் செமஸ்டர் முடிந்துவிடும். ட்ரிப் ஸ்டாண்டும் வாளியும் போதும்.

அடுத்த ரிவியூவுக்கு முன் அனுமதி வாங்கிக்கொண்டு ஓர் இரவு ஷிஃப்ட் முழுக்க வார்டில் உட்காருங்கள். கூப்பிட்ட பிறகு சிஸ்டர் வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், நோயாளி பெயர் வேண்டாம். 10 நிமிடம் என்பது நான் குத்துமதிப்பாகச் சொன்னது. அதை அடித்துவிட்டு உங்கள் நோட்டில் இருக்கும் எண்ணைப் போடுங்கள்.